அம்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சொதி

ஜூலை 11, 2025, வெள்ளி: கிளாம்பாக்கம்

ஆச்சிக்கு 86 வயது. வைகாசியில் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்துவிட்டாள். தேறி எழுந்ததும் மாமாவிடம் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாமா உடனே போன் போட்டுவிட்டார். "13ஆம் தேதி மத்தியானம் இலை போட்டுருவேன். வரலேன்னா அம்மாவே பேசுவா, பாத்துக்கோங்க." அம்மா, நான், என் மகள் மூவரும் கிளம்பினோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

ரயிலில் போவதாகத்தான் ஏற்பாடு. காத்திருப்புப் பட்டியல் கடைசிவரை நகரவில்லை. சாயங்காலம் அவசரமாகத் தனியார் பேருந்தில் இடம் பிடித்தோம், ஆளுக்கு 1,400 ரூபாய். செங்கல்பட்டு தாண்டியதும் ஏசி குழாயிலிருந்து அம்மாவின் தலைக்கு நேராகத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கிளீனர் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அது ஊறி அம்மா மடியிலேயே விழுந்தது.

எதிர் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்தான். "நீங்க இங்க வந்து உக்காருங்க பாட்டி, என்கிட்ட குடை இருக்கு" என்று இடத்தை மாற்றிக் கொடுத்தான். சொன்னபடியே பைக்குள்ளிருந்து மடக்குக் குடையை எடுத்து விரித்து, தோளில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை தூங்கினான். கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது அம்மா அவனுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவன், பிரித்து முதல் துண்டை என் மகளிடம் நீட்டிய பிறகுதான் தன் வாயில் போட்டான். யார் வீட்டுப் பிள்ளையோ, நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

ஜூலை 12, சனி: அம்பை, கல்லிடைக்குறிச்சி

ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி நெல்லை புதிய பேருந்து நிலையத்துக்கு வரும்போது ஒன்பதரை. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு காபியைக் குடித்துவிட்டு பாபநாசம் பேருந்தில் ஏறினோம்.

சேரன்மகாதேவி தாண்டினால் காற்றே வேறு. ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது, அதற்குள் காற்று ஆளைத் தள்ளுகிறது. பொதிகை மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. குற்றாலத்தில் சீசன் என்றால் அம்பையிலும் சாரல் எட்டிப் பார்க்கும். வெயில் அடிக்கும்போதே ஊசி ஊசியாகத் தூறி, துணி காயப்போட்டவர்கள் ஓடுவதற்குள் நின்றுவிடும். கார் பருவ நடவு முடிந்து வயல்கள் இளம்பச்சையாக இருந்தன. நெல் ரகத்துக்கே பெயர் கொடுத்த ஊர் இது. இங்கே உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16, குட்டையாகத் தடித்த அரிசி, எங்கள் வீட்டில் இட்லிக்கு வேறு எதையும் வாங்கமாட்டார்கள்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக மெலிந்துவிட்டாள். குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. "ஏட்டி, இவ்வளவு நேரமா வாரதுக்கு? பிள்ள வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு" என்று என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆச்சிக்கு இப்போது மடி என்றால் எலும்புதான். இருந்தாலும் மகள் எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்குள் தூத்துக்குடியிலிருந்து பெரியம்மா குடும்பம், மதுரையிலிருந்து சித்தி, அப்புறம் மாமாவின் மகன், மருமகள், பேரன். வீடு நிறைந்துவிட்டது. நாளைக்குச் சொதி என்று அத்தை அறிவித்தாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அம்பையில் குடும்பம் கூடினால் சொதிதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சொதி தேங்காய்ப்பாலில் செய்வது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, காரத்துக்குப் பச்சைமிளகாயும் இஞ்சியும், கடைசியில் எலுமிச்சம்பழம். மிளகாய்ப்பொடி கிடையாது, புளி கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து இது, அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். அன்றைக்குச் சாம்பார், ரசம் எதுவும் இருக்காது. சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப்பச்சடி, உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், மோர். அவ்வளவுதான். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதைச் செரிக்க வைக்கத்தான் இஞ்சிப்பச்சடி.

இருபது பேருக்குப் பத்துத் தேங்காய். கடையில் ஒன்று 45 ரூபாய் என்றார்கள். போன வருஷம் இதில் பாதிக்குக் கிடைத்த தேங்காய். மாமா ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "சொதிக்கா அண்ணாச்சி? அப்ப முத்தின காயாப் பாத்து எடுங்க" என்று உள்ளே போய் வேறு கூடையையே இழுத்து வந்து வைத்தார்.

சாயங்காலம் அத்தையோடு ஆட்டோவில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன், அப்பளம் வாங்க. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அம்பை, அந்தப் பக்கம் கல்லிடை. கல்லிடை அப்பளத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி என்பார்கள். அத்தை பிறந்த ஊர் அது, அதனால் அவள் வேறு அப்பளத்தைத் தொடமாட்டாள். அப்பளம் போடும் வீட்டில் இருந்த அம்மாள் நூறு அப்பளத்தை எண்ணிக் கட்டிய பிறகு, இன்னும் ஐந்தை எடுத்து மேலே வைத்தார். "ஒடஞ்சது இருந்தா சரியாப் போவும்லா." ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

திரும்பும்போது பாலத்து நடுவில் அத்தை ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அணை திறந்திருப்பதால் ஆற்றில் நல்ல தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிதான் ஒங்க ஆச்சிக்கு என் கல்யாணச் சொதி இல்லாம ஆக்கிட்டு" என்றாள். நான் அப்படி ஒரு கதையைக் கேட்டதே இல்லை.

ராத்திரி கூடத்தில் இரண்டு முறம். ஒன்றில் பூண்டு, ஒன்றில் சின்ன வெங்காயம். சுற்றி உட்கார்ந்து உரித்தோம். எங்கள் வீட்டில் இலை முன்னால் யாரும் பேசமாட்டார்கள், தலை குனிந்து சாப்பிடுவதோடு சரி. கதையெல்லாம் முந்தின நாள் இப்படிக் கைக்கு வேலை இருக்கும்போதுதான் வரும். நான் கேட்டேன், அத்தை ஆரம்பித்தாள்.

1992 நவம்பர். மாமாவுக்கும் அத்தைக்கும் கல்லிடையில் கல்யாணம். எனக்கு அப்போது இரண்டு வயது. மறுநாள் பெண் வீட்டில் சொதி. மாமாவும் அத்தையும் காலையிலேயே அங்கே போய்விட்டார்கள், மற்றவர்கள் மத்தியானம் வருவதாக ஏற்பாடு. விடாத மழை. மலையில் பெய்தது, அணைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்து ஆறு ஏறிவிட்டது. தாமிரபரணிக் கரையில் அந்த வருஷத்து வெள்ளத்தை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பாலத்தில் யாரையும் விடவில்லை. மாப்பிள்ளை அந்தக் கரை, மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் இந்தக் கரை.

"ஒங்க தாத்தா சாயங்காலம் வரைக்கும் பாலத்துலயே நின்னா. குடை பறந்துட்டு, அப்பவும் வரலியே" என்றாள் ஆச்சி.

"எங்க நின்னா? அரை மணி நேரத்துல வந்து போத்திப் படுத்துட்டால்லா. நான்தான கதவத் தொறந்தேன்" என்றாள் அம்மா.

பெரியம்மா ஆச்சி பக்கம், சித்தி அம்மா பக்கம். பத்து நிமிஷம் இதே வழக்கு. தாத்தா போய் 11 வருஷம் ஆகிறது. அவர் நின்றாரா படுத்தாரா என்பதை இன்றைக்கும் இவ்வளவு சத்தமாகப் பேச ஆள் இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இந்தக் கரையில் விருந்துக்குப் போகிறோமே என்று யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லையாம். விறகெல்லாம் ஈரம். முந்தின நாள் மிஞ்சிய பழையசோறும், கல்யாணத்து முறுக்கும். "சம்பந்தி வீட்டுல சொதி கொதிக்கி, இங்க நாங்க முறுக்கக் கடிச்சிக்கிட்டு இருக்கோம்" என்று ஆச்சி சொன்ன விதத்தில் கூடமே அதிர்ந்தது.

அந்தக் கரையில் சொதி அறுபது பேருக்குத் தயார். மாமா நூறு தேங்காய் என்கிறார், அத்தை நாற்பதுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறாள். ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அத்தையின் அப்பா யாரிடமும் கேட்கவில்லை. அண்டாவோடு சொதியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். முந்தின நாள் தாலி கட்டிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோறு போட, அத்தை பட்டுப்புடவையோடு பின்னால் சொதி ஊற்றிக்கொண்டே போனாளாம். "பட்டுல எண்ணெக்கறை. எங்கம்மா திட்டல. அன்னைக்குத்தான் இவங்க நல்ல மனுசன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் அத்தை. அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மாமா எழுந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

ஜூலை 13, ஞாயிறு: அம்பை

காலை இட்லி, தேங்காய் துவையல். எட்டு மணிக்கெல்லாம் அடுப்படியில் பத்துப் பேர். மாமா தேங்காய் உடைத்து, துருவியில் உட்கார்ந்து துருவ ஆரம்பித்தார். மிக்ஸியில் முதல் ஈடு போட்டு அரைக்கும்போது மின்சாரம் போய்விட்டது. காற்றில் எங்கேயோ கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கிறது, மத்தியானம் ஆகும் என்று தெருவில் சொன்னார்கள்.

ஒன்பது தேங்காய் பாக்கி. எல்லாரும் அத்தை முகத்தைப் பார்த்தோம். ஆச்சி நாற்காலியில் இருந்தபடியே, "ஆட்டுரல் எதுக்குக் கெடக்கு?" என்றாள்.

கொல்லையில் ஆட்டுரல் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். தொட்டியை இறக்கி, தேய்த்துக் கழுவி, முதலில் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஆட்டி எடுத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் தேங்காய். மாமாவின் மகனும் பெரியம்மாவின் மருமகனும் மாறி மாறிக் குழவியைச் சுற்றினார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு நாலு சுற்று. என் மகள் முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினாள், குழவி நகர்ந்தது, அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அரைத்ததைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தோம். முதல் பால் கெட்டியாக, மெதுவாக விழுந்தது. அதைத் தனியாக மூடி வைத்தாகிவிட்டது. அதே சக்கையில் வெந்நீர் விட்டு இரண்டாம் பால். இன்னொரு தரம் விட்டு மூன்றாம் பால். அத்தை காய்களை மூன்றாம் பாலில்தான் வேகவைப்பாள், தண்ணீரில் இல்லை. பூண்டு நசுங்கும் பதம் வந்ததும் அரைத்த இஞ்சி பச்சைமிளகாய், லேசாக வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு, இரண்டாம் பால். கொதி வந்து வாசனை கொல்லைக்குப் போனது.

கடைசிக் கட்டத்துக்கு அத்தை யாரையும் பக்கத்தில் விடவில்லை. தீயைத் தணித்து, முதல் பாலை ஊற்றி, கரண்டியை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் பாத்திரத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஓரத்தில் சின்னதாக நுரை கட்டியதும் சட்டென்று இறக்கிவிட்டாள். கொதித்தால் பால் திரிந்துவிடும், அத்தனை பேர் உழைப்பும் போச்சு. கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சூடு கொஞ்சம் அடங்கியதும் எலுமிச்சைச் சாறு. சூட்டோடு பிழிந்தால் கசக்கும்.

ஒன்றரைக்குத்தான் இலை போட முடிந்தது. கூடத்தில் இரண்டு வரிசை. ஆச்சிக்கு நாற்காலி, முன்னால் ஸ்டூல், அதன் மேல் இலை. டாக்டர் எண்ணெயும் தேங்காயும் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் ஒரு கரண்டிதான் என்று மாமா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை முதலில் ஆச்சி இலைக்குத்தான் வந்தாள். சோற்றில் குழி பண்ணிச் சொதியை ஊற்றினாள். ஒரு கரண்டி. ஆச்சி கையை எடுக்கவில்லை. இரண்டாவது கரண்டி. மாமா வாயைத் திறந்தார், அம்மா அவர் கையை அழுத்தினாள்.

"மறுவீட்டுச் சொதி அத்தை. நல்லாச் சாப்பிடுங்க" என்றாள் அத்தை.

ஆச்சி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இஞ்சிப்பச்சடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எலுமிச்சம்பழம் இன்னும் அர மூடி புழிஞ்சிருக்கலாம்" என்றாள். அத்தை சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனாள்.

ஆட்டுரல் சொதிக்கும் மிக்ஸி சொதிக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. ஆட்டுரல் பாலில் எண்ணெய் பிரிந்து நிற்காது, நாக்கில் வழுவழுவென்று இறங்குகிறது. நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். முருங்கைக்காயைத் துப்பும் சத்தமும் அப்பளம் நொறுங்கும் சத்தமும் தவிர கூடத்தில் வேறு பேச்சில்லை. மகள் அப்பளத்தைச் சொதியில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். சித்தி அதைப் பார்த்து, "அப்படியே எங்க அப்பா" என்றாள். தாத்தாவை அவள் பார்த்ததுகூட இல்லை.

சாப்பிட்ட பிறகு பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தோம். வெளியே மறுபடியும் சாரல். இப்போது பெரியம்மாவின் முறை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி முழுகியபோது அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்த நேரம் அது. மாடிக்கு ஏறிவிட்டார்கள், ஸ்டவ் கீழே. மூன்றாம் நாள் யாரோ முகம் தெரியாத பையன்கள் டிராக்டரில் வந்து, தெருவில் மாடி மாடியாகப் புளியோதரைப் பொட்டலம் எறிந்துவிட்டுப் போனார்களாம். "அதுல உப்பே இல்ல. ஆனா அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்து அண்டாவைப் பற்றி முந்தின நாள் பேசியபோது அவள் ஏன் அடிக்கடி கண்ணைத் துடைத்தாள் என்று அப்போது புரிந்தது. வெங்காயம் என்று நினைத்திருந்தேன்.

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது. யாரும் எழுந்துபோய் மின்விசிறியைப் போடவில்லை.

ஜூலை 14, திங்கள்: ஆறு, நெல்லை

விடிகாலையில் படித்துறைக்குப் போனோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு. தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. மகள் இறங்கப் பயந்து நின்றாள். துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சோப்புக் கையைக் கழுவிவிட்டு வந்து, "மூணாவது படிக்கு மேல பாசி, இங்கன கால வையி" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவள் முங்கி எழும்வரை பக்கத்திலேயே நின்றார்.

படி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த பழந்துணிகளைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாபநாசத்தில் விடுவதெல்லாம் கீழே உள்ள ஊர்களுக்கு வந்து சேருகிறது. இதே தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிளம்பும்போது அத்தை இஞ்சிப்பச்சடி ஒரு டப்பா, அப்பளம் ஒரு கட்டு கொடுத்தாள். ஆச்சி என் மகள் கையில் 500 ரூபாய் நோட்டைத் திணித்து, "தைப் பொங்கலுக்கு வரணும், என்னட்டி?" என்றாள். அவள் உடனே சரி என்றுவிட்டாள். லீவுக்கு நான்தான் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

நெல்லையிலிருந்து திரும்ப ரயிலில் இடம் உறுதியாகியிருந்தது. எதிரில் பாளையங்கோட்டைக்காரப் பெண்மணி ஒருவர், சென்னையில் மகள் வீட்டுக்குப் போகிறார். தயிர்சாதத்துக்கு இஞ்சிப்பச்சடியைத் திறந்ததும் வாசனை பிடித்துவிட்டார். அம்மா கொஞ்சம் கொடுத்தாள். நாக்கில் வைத்துக் கண்ணை மூடி யோசித்தார்.

"நல்லாருக்கு. வெல்லம்தான் ஒரு சிட்டிகை கூட. நாங்க கருப்பட்டி போடுவோம்."

"கருப்பட்டி போட்டா இஞ்சி எடுபடாதுல்லா" என்றாள் அம்மா.

"இஞ்சிய நல்லெண்ணெயில செவக்க வறுத்துட்டு அரைக்கணும். அப்ப எடுபடும்."

கோவில்பட்டி வந்தும் முடியவில்லை. விளக்கை அணைக்கலாமா என்று மேல் படுக்கைக்காரர் கேட்ட பிறகுதான் இருவரும் குரலைத் தணித்தார்கள். காலையில் இறங்குவதற்கு முன் அவர் என் போனை வாங்கி, தன் அளவைக் குரல் பதிவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்: கால் கிலோ இஞ்சி, எலுமிச்சை அளவு புளி, கருப்பட்டி பாதி வட்டு, நாலு வத்தல். வருகிற ஞாயிறு அதன்படி செய்து பார்க்கப் போகிறேன். அம்மா இப்போதே வேண்டாம் என்கிறாள்.